ஊருக்கு ஊர் மாறும் அமெரிக்க ஆங்கிலம்: புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு

அமெரிக்காவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தெரியாத சொற்களுக்குத்தான் பயப்படுகிறார்கள். அவற்றால் பெரிய தொல்லை வராது. கிழக்கு விஸ்கான்சினில் குடிதண்ணீர்க் குழாயை 'பப்ளர்' என்பார்கள். தெற்கு மாநிலங்களில் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை 'பக்கி' என்பார்கள். காதில் விழுந்ததுமே 'அப்படியென்றால் என்ன?' என்று கேட்டுவிடுவீர்கள், விஷயம் முடிந்தது. எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தும் வாக்கியம் வேறொன்றைச் சொல்கிற இடத்தில்தான் ஏமாந்துபோகிறோம். அங்கே நமக்குச் சந்தேகமே வருவதில்லை. புரிந்துவிட்டது என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

பாஸ்டன் பக்கம் 'எனக்குக் கடற்கரை ரொம்பப் பிடிக்கும்' என்று நீங்கள் ஆங்கிலத்தில் சொல்ல, எதிரில் இருப்பவர் 'ஸோ டோன்ட் ஐ' என்று பதில் சொன்னால், தனக்கும் பிடிக்கும் என்கிறார். 'டோன்ட்' என்ற சொல்லைக் கேட்டு, இவருக்குப் பிடிக்காதாம் என்று நினைத்தால் பேச்சு திசைமாறிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் சொற்களைக் கொஞ்சமாகவும் இலக்கணத்தை அதிகமாகவும் வைத்திருக்கிறேன்.

1. முதலில், எந்த வட்டாரத்தில் இறங்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்

மாநில எல்லையை நம்ப வேண்டாம். பேச்சு வழக்கு மாநிலக் கோட்டோடு நிற்காது. கிழக்குக் கடற்கரையில் குடியேறியவர்கள் தலைமுறை தலைமுறையாக மேற்கே நகர்ந்தார்கள், பேச்சும் அவர்களோடு நகர்ந்தது. அதனால் வட்டாரங்கள் கிழக்கிலிருந்து மேற்காக நீண்ட பட்டைகளாகக் கிடக்கின்றன. பஃபலோ, கிளீவ்லண்ட், டெட்ராய்ட், சிகாகோ ஆகிய ஏரிக்கரை ஊர்கள் ஒரு பட்டை. பென்சில்வேனியாவில் தொடங்கி ஒஹாயோ, இண்டியானா வழியாக மிசௌரி, கேன்சஸ் வரை நடுப்பட்டை. அதற்குக் கீழே தெற்கு. ஒஹாயோ என்கிற ஒரே மாநிலத்தில் கிளீவ்லண்ட் வடக்குப் பட்டையிலும் கொலம்பஸ் நடுப்பட்டையிலும் விழுகின்றன. மேற்குக் கடற்கரைக்குப் பல திசையிலிருந்தும் ஆட்கள் வந்து கலந்ததால் அங்கே வித்தியாசம் குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். தெற்கில் வேலை கிடைத்தால் தெற்கத்திப் பேச்சுதான் காதில் விழும் என்று இல்லை. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிற வட கரோலினாவின் ராலே பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்கிற ஆய்வு நிறுவன வளாகம் 1959-இல் உருவாகி, 1960-களில் ஐ.பி.எம். போன்ற நிறுவனங்கள் வந்த பிறகு, வடக்கிலிருந்து ஏராளமான குடும்பங்கள் அங்கே குடியேறின. அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளிடம் தெற்கத்தி உயிரொலிகள் மங்கிவிட்டன என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆபீசில் கேட்பது ஒரு மாதிரியும், ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்கில் கேட்பது வேறு மாதிரியும் இருந்தால் குழம்ப வேண்டாம்.

வட்டாரம் தெரிந்த பிறகு, விசித்திரமாகக் காதில் விழும் வாக்கியங்களைத் தேடிப் பார்க்க இரண்டு நல்ல இடங்கள் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வட்டார ஆங்கில அகராதி ஒன்று. 1965 முதல் 1970 வரை 1,002 ஊர்களுக்கு ஆட்களை அனுப்பி, உள்ளூர்க்காரர்களிடம் கேள்வி கேட்டுத் தொகுத்தார்கள். முதல் தொகுதி 1985-இல் வந்தது, ஐந்தாவது 2012-இல். சொற்களுக்கு அதை மிஞ்சியது இல்லை. வாக்கிய அமைப்புகளுக்கு யேல் பல்கலைக்கழகத்தின் 'கிரமாட்டிக்கல் டைவர்சிட்டி' திட்டத்தின் தளம். எந்த அமைப்பு எங்கே புழங்குகிறது, எங்கிருந்து வந்தது என்று விளக்கியிருப்பார்கள். இலவசம்தான்.

2. 'நீங்கள் எல்லாரும்' என்பதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்கிறார்கள்?

ஆங்கிலத்தில் 'யூ' ஒருவரையும் குறிக்கும், ஒரு கூட்டத்தையும் குறிக்கும். இது அமெரிக்கர்களுக்கே போதவில்லை. அதனால் ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென ஒரு பன்மையை உண்டாக்கிக்கொண்டது. தெற்கில் 'யால்', பிட்ஸ்பர்க்கில் 'யின்ஸ்', நியூயார்க், ஃபிலடெல்ஃபியா பக்கம் சிலர் வாயில் 'யூஸ்', மற்ற இடங்களில் பெரும்பாலும் 'யூ கைஸ்'. பெண்கள் மட்டுமே இருக்கும் கூட்டத்தையும் 'யூ கைஸ்' என்று கூப்பிடுவார்கள்.

இதில் தமிழ் பேசுகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நம் 'நீங்கள்' பன்மைக்கும் வரும், மரியாதைக்கும் வரும். 'யால்' அப்படியல்ல, அதில் மரியாதை கிடையாது. டெக்சஸில் மேனேஜர் உங்களிடம் மட்டும் பேசும்போது 'கேன் யால் சென்ட் தட் பை ஃப்ரைடே?' என்றால், உங்கள் குழுவைச் சேர்த்துச் சொல்கிறார். வேலை குழுவுக்கு, உங்கள் ஒருவர் தலையில் மட்டும் அல்ல. கடைக்காரர் நீங்கள் தனியாக நிற்கும்போது 'ஹவ் யால் டூயிங்?' என்று கேட்டால், வீட்டில் எல்லாரும் நலமா என்பது போலத்தான். கூட்டத்தில் ஒருவர் விடாமல் எல்லாரையும் குறிக்க 'ஆல் யால்' என்பார்கள்.

மரியாதைக்குத் தெற்கில் வேறு வழி இருக்கிறது. 'யெஸ் மேம்', 'நோ சர்' என்று பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பதில் சொல்வது அங்கே சாதாரணம். பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர் லிண்டா என்றால், பிள்ளைகள் 'மிஸ் லிண்டா' என்று கூப்பிடுவார்கள். கல்யாணம் ஆனவரா என்பதற்கும் அந்த 'மிஸ்'ஸுக்கும் சம்பந்தம் இல்லை. 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நல்ல மாற்று. ஆனால் வடக்கே போனால் 'மேம்' என்பதைக் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். முப்பது வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிட்டால், தன்னை வயதானவளாகப் பார்க்கிறார்கள் என்று சிலர் வருத்தப்படுவார்கள்.

3. தெரிந்த சொல், தெரியாத இலக்கணம்

மொத்தக் கட்டுரையிலும் இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

பிட்ஸ்பர்க்கில் காரை சர்வீஸுக்கு விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் போன் செய்து, 'யுவர் பிரேக் பேட்ஸ் நீட் ரீப்ளேஸ்ட்' என்கிறார். 'ரீப்ளேஸ்ட்' காதில் விழுந்ததும், மாற்றிவிட்டார்கள் போல என்று தோன்றும். 'ஓகே, தேங்க் யூ' என்று போனை வைத்துவிட்டால், அவர் உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருப்பார், நீங்கள் கார் தயார் என்று கிளம்பிப் போவீர்கள். அவர் சொன்னது, 'மாற்ற வேண்டும்' என்பது. பள்ளியில் 'நீட் டு பீ ரீப்ளேஸ்ட்' என்று படித்தோமே, அதில் நடுவில் இருக்கும் 'டு பீ' அந்த வட்டாரத்தில் வராது. 'த கார் நீட்ஸ் வாஷ்ட்', 'த லான் நீட்ஸ் மோட்' என்பார்கள்.

இது அரைகுறையாகப் படித்தவர்களின் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். வக்கீல், டாக்டர், பேராசிரியர் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், ஈமெயிலிலும் எழுதுவார்கள். வேறு ஊருக்குப் போய் யாராவது சுட்டிக்காட்டும்வரை, இது எல்லா இடத்திலும் சொல்லப்படுவதில்லை என்பதே பலருக்குத் தெரியாது. 18-ஆம் நூற்றாண்டில் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ஸ்காட்-ஐரிஷ் மக்கள் கொண்டுவந்த அமைப்பு இது. ஸ்காட்லாந்தில் இன்றும் உண்டு. மேற்கு பென்சில்வேனியா, ஒஹாயோ, இண்டியானா என்று அவர்கள் போன வழியெல்லாம் பரவியது. இதற்குக் கறாரான விதியும் இருக்கிறது. 'நீட்' எல்லாரிடமும் வரும். 'வான்ட்' கொஞ்சம் குறைவாக, 'த கேட் வான்ட்ஸ் ஃபெட்' என்று வரும். 'லைக்' இன்னும் குறைவாக, 'த டாக் லைக்ஸ் பெட்டட்' என்று வரும். கண்ட வினைச்சொல்லோடும் அதை ஒட்டவைக்க மாட்டார்கள்.

அதே நடுப்பட்டையில் இன்னொன்று 'எனிமோர்'. நாம் படித்த ஆங்கிலத்தில் இது 'நாட்' இருந்தால்தான் வரும், 'இனிமேல் இல்லை' என்ற பொருளில். அங்கே 'நாட்' இல்லாமலும் வரும். 'கேஸ் இஸ் எக்ஸ்பென்சிவ் எனிமோர்' என்றால், 'இப்போதெல்லாம் பெட்ரோல் விலை ஜாஸ்தி' என்று பொருள். 'எனிமோர்' காதில் விழும்போது வாக்கியத்தில் 'நாட்', 'டோன்ட்' ஏதாவது இருந்ததா என்று மனதில் ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் 'இப்போதெல்லாம்' என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும்.

தெற்கில் துணைவினைகள் இரட்டையாக வரும். 'ஐ மைட் குட் டூ இட் டுமாரோ' என்று பிளம்பர் சொன்னால், நாளைக்கு வருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. முடிந்தாலும் முடியலாம் என்கிறார். அதை நம்பி லீவு போட வேண்டாம். 'யூ மைட் ஷுட் கால் தெம்' என்றால், 'அவர்களுக்கு ஒரு போன் போட்டால் நல்லது' என்று மெதுவாகச் சொல்லும் யோசனை. மெதுவாகச் சொன்னாரே என்று அலட்சியம் செய்யாதீர்கள். அங்கே நல்ல யோசனை இப்படிப் பணிவாகத்தான் வரும். 'ஃபிக்ஸின் டு' என்பதில் 'ஃபிக்ஸ்' இருந்தாலும் பழுது பார்ப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 'ஐம் ஃபிக்ஸின் டு லீவ்' என்றால் இதோ கிளம்பப் போகிறேன் என்பதுதான். 'ஐ டன் டோல்ட் ஹிம்' என்றால் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

ஃபிலடெல்ஃபியாவில் பிள்ளைகள் 'ஐம் டன் மை ஹோம்வொர்க்' என்பார்கள். 'வித்' எங்கே போயிற்று என்று தேட வேண்டாம். மினசோட்டாவில் 'டு யூ வான்ட் டு கம் வித்?' என்று வாக்கியம் அப்படியே நிற்கும், 'எங்களோடு வருகிறீர்களா?' என்று அர்த்தம். அந்தப் பக்கம் ஜெர்மானியர்களும் ஸ்காண்டிநேவியர்களும் அதிகமாகக் குடியேறினார்கள். அவர்கள் மொழிகளில் வாக்கியம் இப்படி முடிவது இயல்பு. விஸ்கான்சினில் 'கேன் யூ பாரோ மீ எ பென்?' என்றால், பேனாவைக் கடன் கேட்கிறார், கொடுத்துவிடுங்கள். சின்சினாட்டியில் வயதானவர்கள் சிலர், நீங்கள் சொன்னது காதில் விழவில்லையென்றால் 'ப்ளீஸ்?' என்று கேட்பார்கள். ஜெர்மானியர்கள் 'பிட்டே?' என்று கேட்பதன் சாயல் அது. கெஞ்சுகிறார் என்று நினைக்காமல், சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கள்.

அடுத்தது கறுப்பின அமெரிக்கர்களின் ஆங்கிலம். இது ஒரு வட்டாரத்துக்குள் அடங்காமல் நாடு முழுவதும் கேட்கும். இதைப் பற்றி நம்மவர்களிடையே தவறான எண்ணம் நிறைய உண்டு, வெளிப்படையாகவே சொல்கிறேன். 'ஹி பீ ஒர்க்கிங்' என்று கேட்டதும் 'இலக்கணம் தெரியவில்லை' என்று முடிவு கட்டுகிறோம். பள்ளி ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்ல முடியாத ஒன்றை அந்த 'பீ' சொல்கிறது. 'ஹி ஒர்க்கிங்' என்றால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறார். 'ஹி பீ ஒர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலை செய்வார், இந்த நிமிடம் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

மாசச்சூசெட்ஸில் ஜேனிஸ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் இதைச் சின்னக் குழந்தைகளிடமே சோதித்துப் பார்த்தார். படத்தில், பிஸ்கட்டுக்குப் பேர்போன பொம்மைக் கதாபாத்திரமான குக்கி மான்ஸ்டர் காய்ச்சலாகப் படுத்திருக்கிறது, பக்கத்தில் எல்மோ என்கிற இன்னொரு பொம்மை பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது. 'ஹூ இஸ் ஈட்டிங் குக்கீஸ்?' என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் எல்மோவைக் காட்டினார்கள். 'ஹூ பீ ஈட்டிங் குக்கீஸ்?' என்று கேட்டபோது, கறுப்பினக் குழந்தைகள் படுத்துக்கிடக்கும் குக்கி மான்ஸ்டரைக் காட்டினார்கள், வழக்கமாகத் தின்பது அதுதானே. இலக்கணம் அவர்களிடம் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது பாருங்கள். 1979-இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில், நீதிபதி சார்ல்ஸ் ஜாயினர், அங்கே படித்த கறுப்பினக் குழந்தைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துக்கொண்டே வாசிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று பள்ளி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டார்.

இதோடு சேர்ந்தது அழுத்திச் சொல்லும் 'பின்' (been). 'ஷி பின் மேரீட்' என்று அழுத்திச் சொன்னால், கல்யாணமாகி ரொம்ப நாளாயிற்று, இன்றும் சேர்ந்துதான் இருக்கிறார்கள் என்று பொருள். முன்பு கல்யாணம் ஆகியிருந்தது, இப்போது இல்லை என்று எடுத்துக்கொண்டால் நேர் எதிராகப் போய்விடும்.

4. மணி, தேதி, மாடி

இதைச் சட்டென்று பார்த்துவிடலாம். 'குவார்ட்டர் ஆஃப் எய்ட்' என்றாலும் 'குவார்ட்டர் டில் எய்ட்' என்றாலும் ஏழே முக்கால். 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்பதில் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. 4/5 என்று எழுதினால் ஏப்ரல் 5. 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்பது தரைத்தளம். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' எந்த வெள்ளி என்பதில் அமெரிக்கர்களே ஒருமித்துப் போவதில்லை, தேதியைக் கேட்டுவிடுங்கள். தெற்கில் கிராமப்புறத்து முதியவர்கள் 'டின்னர்' என்றால் மதியச் சாப்பாடாகவும் இருக்கலாம், ராத்திரிச் சாப்பாடு 'சப்பர்'. அப்பலாச்சிய மலைப்பக்கம் 'வென்எவர் ஐ வாஸ் எய்ட்டீன்' என்றால் 'எனக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது' என்றுதான் பொருள். 'எப்போதெல்லாம்' என்று பிரிக்க வேண்டாம்.

5. காதைப் பழக்குங்கள்

தெற்கில் 'பின்' என்பதும் 'பென்' என்பதும் ஒரே மாதிரி ஒலிக்கும். அதனாலேயே பேனாவை 'இங்க் பென்' என்று சொல்கிறவர்கள் அங்கே உண்டு. பேங்கில் பின் நம்பர் கேட்கிறார்களா, கையெழுத்துப் போடப் பேனா தருகிறார்களா என்று சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். போனில் உங்கள் பெயரைச் சொல்லும்போது 'எம் ஆஸ் இன் மேரி, என் ஆஸ் இன் நான்சி' என்று எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பழகுங்கள். நம் பெயர்களுக்கு இது எந்த மாநிலத்திலும் தேவைப்படும்.

பாஸ்டனில் 'கார்' என்பது 'கா' ஆகும். நியூயார்க்கிலும் இந்த 'ர்' விழுந்துபோவது உண்டு. இதைப் பற்றி 1962-இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். நியூயார்க்கில் மூன்று பெரிய துணிக்கடைகளுக்குப் போனார். பணக்காரர்கள் போகும் சாக்ஸ், நடுத்தர வர்க்கத்தினர் போகும் மேசிஸ், மலிவு விலைக்கடையான எஸ். க்ளைன். நான்காவது மாடியில் இருக்கும் ஏதாவது ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களிடம் கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும், அதில் 'ர்' இரண்டு இடத்தில் வருகிறது. காதில் விழாதது போல இன்னொரு முறை கேட்பார், இந்தத் தடவை அழுத்தம் திருத்தமாகச் சொல்வார்கள். விலை கூடிய கடையின் ஊழியர்கள் 'ர்' ஒலியை அதிகம் உச்சரித்தார்கள், மலிவுக்கடையில் மிகக் குறைவு. இரண்டாம் முறை கவனமாகச் சொன்னபோது 'ர்' கூடியது, மேசிஸில் அது நன்றாகத் தெரிந்தது.

இதிலிருந்து நமக்கு வேண்டியது இதுதான்: ஒரே ஆள் மீட்டிங்கில் ஒரு மாதிரியும் சாப்பாட்டு மேசையில் வேறு மாதிரியும் பேசுவார். மீட்டிங்கில் எல்லாம் புரிந்தது, காஃபி மெஷின் பக்கத்தில் நின்று பேசும்போது ஒன்றும் புரியவில்லை என்றால் உங்கள் காதில் குறை இல்லை. 'சாரி?' என்று ஒருமுறை கேளுங்கள். அந்தக் கடை ஊழியர்களைப் போலவே, இரண்டாம் முறை தானாகவே தெளிவாகச் சொல்வார்கள்.

ஊர்ப் பெயர்களை உள்ளூர்க்காரர் வாயிலிருந்து கேட்டே கற்றுக்கொள்ளுங்கள். டெக்சஸ் நகரம் 'ஹ்யூஸ்டன்', அதே எழுத்துள்ள நியூயார்க் தெரு 'ஹௌஸ்டன்'. ஒஹாயோவில் Lima என்பது 'லைமா', இல்லினாயில் Cairo என்பது 'கேரோ', மாசச்சூசெட்ஸில் Worcester என்பது 'வூஸ்டர்', கென்டக்கியில் Versailles என்பது 'வெர்செய்ல்ஸ்'. லாஸ் ஏஞ்சலஸில் சாலை எண்ணுக்கு முன் 'த' போட்டு 'த ஃபோர் ஓ ஃபைவ்' என்பார்கள், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் வெறும் 'ஒன் ஓ ஒன்'. தெற்கு கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவரை அந்த 'த'வை வைத்தே அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

6. ஆமாம், இல்லை, வேண்டாம்

இந்தப் பகுதி நாடு முழுவதற்கும் பொருந்தும். நம்மவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

'யூ டோன்ட் ஹேவ் எ கார்?' என்று கேட்கிறார்கள். தமிழில் யோசித்தால், 'ஆமாம், இல்லை' என்பதுதான் பதில். அதனால் 'யெஸ்' என்று வாயில் வந்துவிடும். கேட்டவர், உங்களிடம் கார் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். கார் இல்லையென்றால் ஆங்கிலத்தில் 'நோ, ஐ டோன்ட்' என்றுதான் சொல்ல வேண்டும். 'டு யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்று கேட்டால் 'யெஸ்' என்பது, உட்காராதே என்று சொல்வதாகும். இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: வெறும் 'யெஸ்', வெறும் 'நோ' என்று நிறுத்தாதீர்கள். பின்னாலேயே ஒரு குட்டி வாக்கியம் சேர்த்துவிடுங்கள். 'நோ, கோ அஹெட்.' 'நோ, ஐ டோன்ட் ஹேவ் ஒன்.' மருத்துவமனையில் 'யூ ஆர் நாட் அலர்ஜிக் டு எனிதிங்?' என்று கேட்கும்போது இந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

இன்னும் காஃபி வேண்டுமா என்று கேட்டதற்கு 'ஐம் குட்' என்றால் போதும், வேண்டாம் என்று பொருள். 'ஐ குட் கேர் லெஸ்' என்றால் துளிக்கூடக் கவலையில்லை என்று பொருள், எழுத்துக்கு எழுத்து பார்த்தால் எதிர்ப்பொருள் வந்தாலும். 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்று நாம் படித்த இடத்தில் 'ஐ ஆல்ரெடி எட்' என்பார்கள், அது அங்கே தவறில்லை. மினசோட்டாவில் உங்கள் சமையலைச் சாப்பிட்டுவிட்டு 'நாட் டூ பேட்' என்றால் நல்ல பாராட்டு. 'தட்ஸ் டிஃபரன்ட்' என்றால் பெரும்பாலும் பிடிக்கவில்லை. தெற்கில் 'பிளெஸ் யுவர் ஹார்ட்' என்பது சில சமயம் உண்மையான இரக்கம், சில சமயம் 'பாவம், விவரம் போதாது' என்கிற தொனி. குரலையும் முகத்தையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெற்கு ஓட்டல்களில் வெறுமனே 'டீ' என்று கேட்டால், ஐஸ் போட்டு நிறையச் சர்க்கரை கலந்த டீ வரும். சூடாக வேண்டுமென்றால் 'ஹாட் டீ' என்று சொல்லிக் கேளுங்கள். அங்கேயே சிலர் 'கோக்' என்றால் எந்த சோடா பானமாகவும் இருக்கலாம். சிகாகோ, டெட்ராய்ட் பக்கம் அதுவே 'பாப்', நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் 'சோடா'.

7. நீங்கள் எப்படிப் பேசுவது?

புரிந்துகொள்வதற்கு எல்லாமே தெரிந்திருக்க வேண்டும், பேசுவதற்கு வேண்டாம். 'யூ கைஸ்', 'யால்' இரண்டையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தெற்கத்தி இழுவையை வரவழைத்துப் பேசுவதும், கறுப்பினத்தவர் ஆங்கிலத்தைப் போலச் செய்வதும் வேண்டவே வேண்டாம். அவர்கள் மொழிக்காக அவர்களே எத்தனையோ ஏளனத்தைத் தாங்கியிருக்கிறார்கள், நம் வாயில் அது கேலியாகத்தான் கேட்கும். எதிரில் இருப்பவரின் இலக்கணத்தைத் திருத்துவதும் கூடாது. சந்தேகம் இருந்தால், புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். 'ஸோ யூ ஹேவன்ட் ரீப்ளேஸ்ட் தெம் யெட், யூ ஆர் வெய்ட்டிங் ஃபார் மீ?' இப்படி ஒரு வாக்கியம் போதும், இரண்டு பக்கமும் தெளிந்துவிடும்.

நம் ஆங்கிலமும் அவர்களுக்கு இதே சிக்கலைக் கொடுக்கிறது, தெரிந்த சொல்லில் தெரியாத பொருள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று மீட்டிங்கில் கை தூக்கினால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று பேசுகிறவருக்குக் கேட்கும். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல்லுங்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2015' என்றால் மயங்கி விழுந்த ஆண்டைச் சொல்வதாகிவிடும், 'கிராஜுவேட்டட்' என்பது சரி. 'ஹோட்டல்' என்றால் தங்குமிடம் மட்டுமே, சாப்பிடப் போவது 'ரெஸ்டாரன்ட்'. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' புரியாது, 'அவுட் ஆஃப் டவுன்' புரியும். 'டூ த நீட்ஃபுல்' என்று எழுதாமல், என்ன செய்ய வேண்டும் என்பதையே எழுதிவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயம் தனி. பள்ளிக்கூடம் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்த ஊர்ப் பேச்சு வீட்டுக்குள் வந்துவிடும். கொலம்பஸில் வளரும் மகள் 'அம்மா, மை ஷர்ட் நீட்ஸ் வாஷ்ட்' என்றால் பதறிப்போய்த் திருத்தாதீர்கள். அவள் தோழிகள் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், பல பள்ளிகளில் டீச்சரும் அப்படித்தான். பள்ளிக் கட்டுரையும் கல்லூரி விண்ணப்பமும் எழுதும்போது மட்டும் நடுவில் 'டு பீ' சேர்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், இந்த ஊரில் பேசுவது இப்படி, ஊருக்கு வெளியே போகும் எழுத்தில் அப்படி என்று சொன்னால், எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும்.